எழுபது வயது முழங்காலுக்கு எந்த மூட்டு?

2000 அக்டோபரில் அன்றைய பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாயி மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 75. அடுத்த ஆண்டு ஜூனில் வலது காலுக்கும் அதே சிகிச்சை நடந்தது. இரண்டு முறையும் அறுவை செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த சித்தரஞ்சன் ரணாவத். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இவர், மூட்டைப் பொருத்துபவர் மட்டுமல்ல, மூட்டை உருவாக்கியவர்களில் ஒருவரும்கூட. நியூயார்க்கின் ஹாஸ்பிடல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரியில் ஜான் இன்சால், பொறியாளர் பீட்டர் வாக்கர் ஆகியோருடன் சேர்ந்து 'டோட்டல் காண்டைலர்' என்ற செயற்கை மூட்டை வடிவமைத்தார். 1974இல் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் பொருத்தப்படும் மூட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அதன் வழிவந்தவைதான்.

அடிப்படை வடிவம் தோன்றி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் அறுவைக்கு நாள் குறிக்கும் குடும்பத்தின் முன் வைக்கப்படும் விலைப்பட்டியலைப் பார்த்தால், ஒவ்வொரு வருடமும் ஒரு புதிய மூட்டு பிறப்பதாகத் தோன்றும். சாதாரண கோபால்ட் குரோம், டைட்டானியம், பீங்கான்போல் கடினப்படுத்திய மேற்பரப்புள்ள சிர்கோனியம், பொன்னிறப் பூச்சு போட்ட 'கோல்டு நீ', அதிகம் மடங்கும் 'ஹை ஃப்ளெக்ஸ்', இவற்றோடு முப்பது வருடம் உழைக்கும் என்ற உறுதிமொழி. "அம்மாவுக்கு இருக்கிறதிலேயே நல்லதைப் போட்டுடுங்க டாக்டர், செலவைப் பத்தி யோசிக்க வேண்டாம்" என்று மகன் சொல்கிறார். அந்தப் பாசத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எழுபதைத் தாண்டியவருக்கு எது நல்லது என்பதை உலோகத்தின் பெயர் முடிவு செய்வதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால், அந்தப் பணத்தையும் கவலையையும் எங்கே செலவிடுவது என்று குடும்பமே தீர்மானித்துவிடலாம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்க வேண்டும். 'மூட்டு மாற்று' என்றதும் முழங்காலையே வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சொத்தைப் பல்லைச் சீவித் தொப்பி மாட்டுவதைப் போன்ற வேலைதான் அது. தொடை எலும்பின் கீழ்முனையிலிருந்தும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலிருந்தும் தேய்ந்த குருத்தெலும்பையும் அதை ஒட்டிய எலும்பையும் சுமார் 9 மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுப்பார்கள். தொடை எலும்பு முனைக்கு வளைந்த உலோக உறை வரும். அது பெரும்பாலும் கோபால்ட் குரோமியக் கலவை. கீழ்க்கால் எலும்பின்மேல் டைட்டானியத்திலோ கோபால்ட் குரோமிலோ செய்த ஒரு தட்டு உட்காரும். இரண்டுக்கும் நடுவே, தட்டின்மேல், கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் ஆன ஒரு பலகை பொருந்தும். முட்டிச் சில்லின் உட்புறத்திலும் சில மருத்துவர்கள் ஒரு சிறு பிளாஸ்டிக் வில்லையை வைப்பார்கள், சிலர் வைப்பதில்லை. இரண்டு பழக்கத்துக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், இரண்டு விதமாகச் செய்துகொண்டவர்களும் நன்றாகவே நடக்கிறார்கள்.

ஆகவே நடக்கும்போது உலோகத்தோடு உலோகம் உரசுவதில்லை. பிளாஸ்டிக் பலகையின்மேல் உலோகம் உருண்டு வழுக்குகிறது. தேய்வது பிளாஸ்டிக்தான். 'எந்த உலோகம்?' என்று கேட்கும்போதே நாம் தேயாத பாகத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிடுகிறோம்.

இந்த ஏற்பாடு எளிதில் வாய்த்துவிடவில்லை. 1890இல் பெர்லினில் தியோடோர் குளுக் காசநோய் அரித்த முழங்கால்களில் யானைத் தந்தத்தால் செய்த கீலைப் பொருத்திப் பார்த்தார். கிருமி குடியிருந்த மூட்டில் வைத்ததால் சீழ் பிடித்து அந்த முயற்சி தோற்றது. 1950களில் உலோகக் கீல்கள் வந்தன. கதவுக்கு உள்ளதைப்போல் ஒரே அச்சில் மடங்கி நிமிர்பவை. நம் முழங்காலோ மடங்கும்போது உருள்கிறது, பின்னோக்கி வழுக்குகிறது, கொஞ்சம் திருகவும் செய்கிறது. கீல் அந்தத் திருகலுக்கு இடம் கொடுக்காததால் முறுக்குவிசை முழுவதும் எலும்பில் பதிந்த தண்டுக்குப் போனது. சில ஆண்டுகளில் தண்டு ஆட்டம் கண்டது. எலும்போடு மூட்டை இறுக்கிப் பூட்டுவதைவிட, சுற்றியுள்ள தசைநார்களையே மூட்டைப் பிடித்து வைத்திருக்கச் செய்ய வேண்டும் என்பது அந்தத் தோல்விகளிலிருந்து கிடைத்த பாடம். எந்த வகை மூட்டு என்று இன்றைக்கும் தீர்மானிப்பது பெரிதும் அந்தத் தசைநார்களின் நிலைமைதான்.

வழுக்கும் பலகை இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையிலிருந்து வந்தது. அங்கே ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தினார். அது விரைவாகத் தேய்ந்தது. உதிர்ந்த துகள்களைச் சுற்றிக் கடும் அழற்சி ஏற்பட்டது. நூற்றுக்கணக்கானோருக்குப் பொருத்திய பிறகு வந்த தோல்வி அது. அந்தத் துகள் உடலுக்கு என்ன செய்கிறது என்று அறிய, டெஃப்லானையும் அதற்கு மாற்றாக யோசித்த பாலிஎத்திலீனையும் தன் தொடையிலேயே செலுத்திச் சோதித்துக்கொண்டார் சார்ன்லி. டெஃப்லான் வைத்த இடம் கட்டியாக வீங்கியது, பாலிஎத்திலீன் அடங்கிக் கிடந்தது. 1962இலிருந்து அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அதே மருத்துவமனையில் பணியாற்றிய கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன் உலோகம், பாலிஎத்திலீன், எலும்பு சிமென்ட் என்ற அந்தக் கூட்டணியை 1960களின் இறுதியில் முழங்காலுக்குக் கொண்டுவந்தார். நியூயார்க்கில் உருவான டோட்டல் காண்டைலர் அதற்கு உறுதியான வடிவம் கொடுத்தது.

பாலிஎத்திலீனும் தேயாத பொருள் இல்லை. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. உடலின் துப்புரவுப் பணியாளர்களான மேக்ரோபேஜ் அணுக்கள் அவற்றை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. கிளர்ச்சியடைந்த அந்த அணுக்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள் எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. மூட்டைத் தாங்கும் எலும்பே மெல்லக் கரைந்து, மூட்டு ஆடத் தொடங்குகிறது. 1980களிலும் 90களிலும் பொருத்தப்பட்ட மூட்டுகள் பலவற்றுக்கு இந்த முடிவுதான் நேர்ந்தது. அன்று பிளாஸ்டிக்கைக் கிருமிநீக்கம் செய்யக் காமா கதிர் பாய்ச்சினார்கள், சாதாரணக் காற்று இருந்த உறைக்குள்ளேயே வைத்து. கதிர் பட்ட மூலக்கூறுகளை உறைக்குள் இருந்த ஆக்சிஜன் தாக்கியது. பிளாஸ்டிக் நோயாளியின் உடலுக்குள் போவதற்கு முன்பே அலமாரியில் மூப்படைந்து நொறுங்கத் தொடங்கியிருந்தது. காரணம் புரிந்ததும் ஆக்சிஜன் புகாத உறைகள் வந்தன. மூலக்கூறுச் சங்கிலிகளைக் கதிரால் ஒன்றோடொன்று பிணைத்த பாலிஎத்திலீனும், வைட்டமின் ஈ கலந்த வகையும் பிறகு வந்தன.

இது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. எக்ஸாக்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் 2021, 2022 ஆண்டுகளில் தன் முழங்கால் பிளாஸ்டிக் பலகைகளைத் திரும்பப் பெற்றது. 2004 முதல் தயாரித்தவற்றில் பெரும்பாலானவை, ஆக்சிஜனைத் தடுக்க வேண்டிய ஓர் அடுக்கு இல்லாத உறையில் அடைக்கப்பட்டிருந்தன என்பதே காரணம். மேலே பளபளக்கும் உலோகம் எதுவாக இருந்தாலும், பிளாஸ்டிக்கின் தரமும் அதை அடைத்த உறையும் சரியில்லையென்றால் மூட்டு வீண்தான். பொன்னிறப் பூச்சைப் பற்றி அரைமணி நேரம் விளக்கும் விற்பனைப் பிரதிநிதியிடம் பிளாஸ்டிக் பலகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

தேய்மானத்தை ஆய்வகத்தில் அளக்கும்போது, பத்து லட்சம் அசைவுகளை ஓராண்டு நடைக்குச் சமமாகக் கணக்கிடுகிறார்கள். எந்திரம் இரவு பகலாக மூட்டை மடக்கி நிமிர்த்திக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் அசைவிலும் விழும் சுமை நாம் நினைப்பதைவிட அதிகம். பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உணரிகள் பதித்த செயற்கை மூட்டுகளைச் சில நோயாளிகளுக்குப் பொருத்தி, உள்ளே விழும் விசையை நேரடியாகவே அளந்தார்கள். சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப்போல் சராசரியாக 2.6 மடங்கும், படி இறங்கும்போது ஏறத்தாழ 3.5 மடங்கும் மூட்டில் இறங்கியது. 65 கிலோ எடையுள்ள ஒரு பாட்டி மாடிப்படி இறங்கினால், ஒவ்வொரு படியிலும் அவர் முட்டி தாங்குவது 220 கிலோவுக்கும் மேல். இத்தனையையும் இந்த மூட்டுகள் தாங்குகின்றன. மூட்டு மாற்று அறுவைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, முழு மூட்டு மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. அந்த மூட்டுகளில் பெரும்பாலானவை இன்று 'பழைய ரகம்' என்று ஒதுக்கப்படும் கோபால்ட் குரோமால் ஆனவை.

வயது இங்கேதான் கணக்கை மாற்றுகிறது. 2017இல் அதே லான்செட்டில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்காமல், இந்த மனிதரின் ஆயுளுக்குள் இன்னொரு அறுவை தேவைப்படுமா என்று கேட்டது. எழுபது வயதுக்குமேல் முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை உயர்ந்தது. ஐம்பது வயதுக்காரர் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் நடக்க வேண்டியவர், அவருக்குத் தேய்மானம் மெய்யான எதிரி. எழுபத்தைந்து வயதுக்காரர் மெதுவாக, குறைவாக நடப்பவர். அவருடைய மூட்டு தேய்ந்துபோவதற்கு முன்பே பெரும்பாலும் அவர் ஆயுள் நிறைவாக முடிந்துவிடும். 'முப்பது வருட மூட்டு' என்ற வாக்குறுதி அவருக்கு உண்மையாகவே இருந்தாலும் பயன்படப்போவதில்லை. அதோடு, டைட்டானிய நைட்ரைடு போன்ற பூச்சுகளோ ஆக்சிஜனேற்றிய சிர்கோனியமோ வழக்கமான கோபால்ட் குரோமைவிடத் தெளிவாக நீண்ட காலம் நிற்கின்றன என்று பெரிய பதிவேடுகள் இதுவரை காட்டவில்லை. நிக்கல் ஒவ்வாமை உறுதியாகத் தெரிந்தவருக்கு மாற்று உலோகத்தைப் பற்றி யோசிப்பது நியாயம். மற்றவர்களுக்கு அது கட்டாயமில்லை.

அப்படியானால் முதியவர்களின் மூட்டு எதனால் கெடுகிறது? கிருமித்தொற்று, தசைநார் சமநிலை தவறி மூட்டு தள்ளாடுவது, சிமென்ட்டுக்கும் எலும்புக்கும் இடையே பிடி விடுவது, கீழே விழுந்து மூட்டை ஒட்டிய எலும்பு முறிவது. இவற்றில் எதற்கும் பொன்னிறப் பூச்சில் மருந்து இல்லை. அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, சொத்தைப் பல்லையும் காலில் உள்ள புண்ணையும் ஆற்றிவிட்டு வருவது, எலும்பு அடர்த்தியைக் கவனிப்பது, குளியலறையில் பிடிகம்பி மாட்டுவது ஆகியவைதான் மூட்டின் ஆயுளை நேரடியாகக் காப்பாற்றுகின்றன.

மூட்டை எலும்போடு பிடிக்கவைக்கும் விஷயத்தில் முதியவர்களுக்கான விடை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறது. எலும்பு சிமென்ட்தான். பெயர் சிமென்ட் என்றாலும் அது அக்ரிலிக் பிசின். பொடியையும் திரவத்தையும் கலந்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். முதுமையில் பஞ்சுபோலத் துளை விழுந்த எலும்பின் இடுக்குகளுக்குள் அது ஊடுருவி உறைகிறது, முதல் நாளிலிருந்தே முழுச் சுமையையும் தாங்குகிறது. ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கை அதிலேயே கலந்து வைக்கலாம். சிமென்ட் இல்லாத மூட்டுகளில் நுண்துளை உலோகத்துக்குள் எலும்பு வளர்ந்து புகவேண்டும். அதற்கு வலுவான எலும்பும் காலமும் வேண்டும். எலும்பு உறுதியாக உள்ள இளையவர்களுக்கு அது பொருந்தும். இதய, நுரையீரல் நோய் முற்றிய மிகச் சிலருக்குச் சிமென்ட்டை அழுத்தும் நேரத்தில் ரத்த அழுத்தம் சரியும் அபாயம் உண்டு. மயக்க மருத்துவர் அந்த நிமிடங்களில் கூடுதலாகக் கவனிப்பது அதனால்தான்.

எனக்கு ஒரு குறை உண்டு. கீழ்க்கால் எலும்புக்கு உலோகத் தட்டு இல்லாமல், முழுவதும் பாலிஎத்திலீனாலேயே செய்த பாகம் ஒன்று இருக்கிறது. விலை குறைவு. டோட்டல் காண்டைலரின் தொடக்ககால வடிவமே அதுதான். ஸ்வீடன் பதிவேட்டில் 27,000க்கும் அதிகமான மூட்டுகளை ஒப்பிட்டபோது, உலோகத் தட்டு வைத்தவற்றுக்கு இது எந்த வகையிலும் பின்தங்கவில்லை. மறு அறுவை கொஞ்சம் குறைவாகவே இருந்தது. வயதானவருக்கு, கால் அதிகம் வளையாதவருக்கு, இது நல்ல தேர்வு. இதற்கு உண்மையான பலவீனமும் உண்டு. அறுவையின் கடைசிக் கட்டத்தில் பலகையின் தடிமனை மாற்றிப் பார்க்க முடியாது. பிற்பாடு கிருமி தொற்றினால், பிளாஸ்டிக்கை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்து புதிதாக மாட்டவும் இயலாது. அதனால் எல்லோருக்கும் இதுவே என்று சொல்லவில்லை. ஆனாலும் சொந்தக் காசைச் செலவழிக்கும் ஒரு விவசாயக் குடும்பத்தின் முன் வைக்கும் பட்டியலில் இதற்கு ஓர் இடம் இருந்தே ஆகவேண்டும். பெரும்பாலும் இருப்பதில்லை.

அடுத்து வருவது மருத்துவர் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தேர்வு. மக்கள் 'ஜவ்வு' என்று சொல்லும் தசைநார்களில், முழங்காலின் நடுவே பின்புறமாகச் செல்லும் சிலுவைத் தசைநார் ஒன்று உண்டு. அதை அப்படியே விட்டுவைத்துப் பொருத்தும் மூட்டு ஒரு வகை. அதை எடுத்துவிட்டு, பலகையில் ஒரு முளையும் உலோக உறையில் அதற்கேற்ற பள்ளமும் வைத்து அந்த வேலையைச் செய்யவைப்பது இன்னொரு வகை. இன்சாலும் பொறியாளர் ஆல்பர்ட் பர்ஸ்டைனும் 1970களின் இறுதியில் கொண்டுவந்த வடிவம் இது. இரண்டின் நீண்டகாலப் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். நம்மூரில் பலர் வலியைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டு, கால் வில்லாக வளைந்து, முட்டி முழுவதும் நீட்ட முடியாமல் இறுகிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முளை வைத்த வகை பெரும்பாலும் வசதி. பக்கவாட்டுத் தசைநாரும் தளர்ந்துபோயிருந்தால் இன்னும் இறுக்கமான வகை தேவைப்படும், எல்லாமே கைவிட்ட நிலையில் நவீனக் கீல் மூட்டு. எலும்பு மிகவும் பொடிந்திருந்தால் தட்டுக்குக் கீழே நீண்ட தண்டு சேர்க்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரேயில் பாதி தெரியும், மீதி அறுவை மேசையில்தான் தெரியும். அடுத்த கட்ட மூட்டையும் அறையில் தயாராக வைத்திருக்கும் மருத்துவரே விவரமானவர். பலகை அசையும் வகையா அசையாத வகையா என்ற விவாதமும் ஒரு காலத்தில் சூடாக நடந்தது. 2,352 நோயாளிகளைக் கொண்ட பிரிட்டிஷ் ஒப்பீட்டு ஆய்வில் பத்தாண்டுகளுக்குப் பிறகும் அசையும் பலகைக்குத் தெளிவான மேன்மை தென்படவில்லை.

அளவைப் பற்றி வீட்டார் கேட்பது அபூர்வம். எனக்கோ உலோகத்தைவிட அதுதான் முக்கியமாகப் படுகிறது. தொடக்ககால மூட்டுகள் மேலைநாட்டு எலும்புகளை அளந்து செய்யப்பட்டவை. நம் பெண்களின் தொடை எலும்பு முனை சிறியது. முன்பின் அளவோடு ஒப்பிட்டால் பக்கவாட்டில் குறுகலானது. முன்பின் அளவுக்குச் சரியான உறையைத் தேர்ந்தால் பக்கத்தில் பிதுங்கும், பக்கத்துக்குச் சரியானதைத் தேர்ந்தால் முன்பின் சிறுத்துவிடும். தொடை உறை எலும்பின் விளிம்பைத் தாண்டி 3 மில்லிமீட்டருக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தால், இரண்டு ஆண்டுகள் கழித்தும் வலி இருக்கும் வாய்ப்பு இரு மடங்காகிறது என்று ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. ஏறத்தாழ அரை அரிசி மணி நீளமே உள்ள அந்தப் பிதுங்கல் தசையையும் தசைநாரையும் ஒவ்வோர் அடியிலும் உரசிக்கொண்டே இருக்கும். இப்போது பல நிறுவனங்கள் குறுகலான வகைகளையும் இடை அளவுகளையும் தருகின்றன. "எங்கம்மா சின்ன உடம்புக்காரங்க, அவங்க எலும்புக்கு ஏத்த குறுகலான அளவு இந்தக் கம்பெனியிலே இருக்குங்களா?" என்று கேட்பது டைட்டானியமா என்று கேட்பதைவிடப் பல மடங்கு பயனுள்ள கேள்வி.

இனி சம்மணம். கோலம் போடவும், பந்தியில் உட்காரவும், தொழுகையில் மண்டியிடவும், இந்தியக் கழிப்பறையில் குத்தவைக்கவும் முட்டி 130 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும். 'ஹை ஃப்ளெக்ஸ்' மூட்டுகள் இந்தத் தேவையைக் குறிவைத்தே ஆசியச் சந்தைக்கு வந்தன. வடிவத்தில் அவற்றால் 140 டிகிரிக்கு மேல் பாதுகாப்பாக மடங்க முடியும் என்பது உண்மை. ஆனால் ஒரே நோயாளியின் ஒரு காலில் சாதாரண மூட்டையும் மறுகாலில் இதையும் வைத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், மடங்கும் கோணத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. அறுவைக்கு முன் முட்டி எவ்வளவு மடங்கியதோ, பெரிதும் அதுவே பிறகும் மடங்கும் அளவைத் தீர்மானிக்கிறது. தொடைத் தசையின் இறுக்கம், உடல் பருமன், அறுவைக்குப் பிந்தைய பயிற்சி ஆகியவை மீதியைத் தீர்மானிக்கின்றன. அறுவைக்கு முன் நன்றாக மடங்கும் முட்டியோடு வருபவர் சாதாரண மூட்டிலும் சம்மணமிட வாய்ப்புண்டு. 90 டிகிரியோடு இறுகிப்போனவருக்கு எந்த மூட்டும் அந்த வரத்தைத் தராது. இதை முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லிவிடுவது மருத்துவர் தரக்கூடிய நல்ல சிகிச்சைகளில் ஒன்று. முழு மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் திருப்தி அடைவதில்லை என்று கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஆய்வு கண்டது. அந்த அதிருப்தியோடு மிக நெருங்கிய தொடர்புடைய காரணம், எதிர்பார்த்தது நடக்காமல் போனதுதான். 'தரையில உக்காரலாம்னு சொன்னாங்களே' என்று வருந்தும் ஒரு தாயின் மூட்டு எக்ஸ்ரேயில் கச்சிதமாகவே இருக்கும்.

தேய்மானம் முட்டியின் உட்பக்கத்தில் மட்டும் இருந்து, தசைநார்கள் நன்றாக இருந்தால், பாதி மூட்டை மட்டும் மாற்றும் வழியும் உண்டு. ஆக்ஸ்போர்டில் ஜான் குட்ஃபெல்லோவும் ஜான் ஓ'கானரும் வளர்த்தெடுத்த முறை இதில் பெயர் பெற்றது. எழுபத்தைந்து வயதுக்காரருக்கு 'எதற்குப் பாதி, முழுதாகவே மாற்றிவிடலாமே' என்று சொல்வது வழக்கம். நான் அதை மறுபடி யோசிக்கச் சொல்வேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் அறுவைகளை ஒப்பிட்டு 2014இல் வந்த ஆய்வில், பாதி மூட்டு மாற்றியவர்களிடம் ரத்தம் ஏற்றுவது, மாரடைப்பு, பக்கவாதம், அறுவையை ஒட்டிய மரணம் எல்லாமே குறைவாக இருந்தன. மறு அறுவை மட்டும் அதிகம். மறு அறுவை பல ஆண்டுகளில் வந்து சேரும் பிரச்சினை, மாரடைப்போ முதல் மாதங்களின் அபாயம். இதயம் பலவீனமான முதியவருக்கு இதில் எது பெரிது என்பதை எடைபோட வேண்டும். ஆனால் இந்த அறுவையைப் பழகிய கை வேண்டும். ஆண்டுக்கு ஓரிரண்டு மட்டும் செய்பவரிடம் இதைக் கேட்டு வாங்கக் கூடாது.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. அதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. டைட்டானியத்துக்கும் ஆக்சிஜனேற்றிய சிர்கோனியத்துக்கும் 76,600 ரூபாய். ஹை ஃப்ளெக்ஸுக்கு 56,490 ரூபாய், அதாவது சாதாரண மூட்டைவிட இரண்டாயிரம் ரூபாய்கூட அதிகமில்லை. பிறகு இந்த வரம்பு சிறிது திருத்தப்பட்டு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மூட்டின் விலையை நிறுவனப் பெயர், தொகுதி எண்ணோடு தனியாகப் பில்லில் காட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. 'பேக்கேஜ்' தொகைக்குள் அதை மறைத்து எழுதினால் பிரித்துக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

இத்தனைக்கும் பிறகு ஒரு நிறுவனத்தின் மூட்டை இன்னொன்றோடு எதை வைத்து ஒப்பிடுவது? ஸ்வீடன் 1975இலேயே முழங்கால் மூட்டுகளுக்கு நாடு தழுவிய பதிவேடு தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியா 1999இல், இங்கிலாந்தும் வேல்ஸும் 2003இல். ஒவ்வொரு மூட்டும் யாருக்கு, எந்த வகை, எப்போது பொருத்தப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்று அவை பின்தொடர்கின்றன. எந்த வடிவம் அதிகம் தோற்கிறது என்பது விளம்பரத்துக்கு முன் அங்கே தெரிந்துவிடும். இந்தப் பதிவுகளைக் கொண்டு பிரிட்டனின் ஓடெப் என்ற குழு மூட்டுகளுக்குத் தர மதிப்பு கொடுக்கிறது. '10ஏ ஸ்டார்' என்றால் பத்தாண்டுக் கால வலுவான சான்று உள்ளது என்று பொருள். எண் கூடக்கூடச் சான்றின் காலமும் கூடுகிறது. அந்தப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மருத்துவர் பரிந்துரைக்கும் மூட்டின் சரியான பெயரைக் கேட்டு, அதில் தேடிப் பார்க்கலாம். புதிதாகச் சந்தைக்கு வந்த மூட்டுக்குப் பத்தாண்டுச் சான்று இருக்க வழியில்லை. எழுபது வயதில் யாரும் அந்தப் பரிசோதனைக்குத் தம் முட்டியைக் கொடுக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்களின் சங்கம் நடத்தும் பதிவேடு தன்னார்வத்தில் இயங்குகிறது. எல்லா மருத்துவமனைகளும் கட்டாயமாகப் பதியும் நாடு தழுவிய ஏற்பாடு வரவேண்டும். பல லட்சம் பேரின் உடலுக்குள் போகும் ஒரு பொருளைப் பற்றி, அது எப்படி உழைத்தது என்று அவர்களுடைய நாட்டுக்கே முழுதாகத் தெரியாமல் இருப்பது சரியில்லை.

அதுவரை அந்தப் பதிவேட்டைக் குடும்பமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் நிறுவனம், மாதிரி, அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வருகின்றன. அறுவை முடிந்ததும் செவிலியர் அவற்றை நோயாளியின் கோப்பில் ஒட்டுவார். டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் வைத்திருக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஒரு நிறுவனத்தின் பிளாஸ்டிக் பலகை இன்னொரு நிறுவனத்தின் தட்டில் பொருந்தாது. பல ஆண்டுகள் கழித்துத் தாத்தா மகள் வீட்டில் விழுந்து, முன்பின் தெரியாத ஊரில் ஒரு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், அங்குள்ள மருத்துவரிடம் அந்த நகலைக் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பது எது என்று தெரிந்தால் பலகையை மட்டும் வரவழைத்து மாற்றிவிட வழி இருக்கிறது. தெரியாவிட்டால் நன்றாக ஒட்டியிருக்கும் உலோகத்தையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டிவரலாம்.